நிற்கும் வண்டியின் ஜுரம்

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலையில் மாப்பிள்ளையைத் திறந்த காரில் அமர்த்தி, முன்னால் நாதஸ்வரமும் தவிலும் முழங்க, இரு பக்கமும் காஸ் விளக்குகளைத் தலையில் சுமந்த ஆட்கள் நடந்துவர, ஊரின் நான்கு வீதிகளையும் சுற்றி அழைத்துவரும் ஜானவாசம் என்னும் வைபவம் சாரட்டு வண்டியை விட்டு மோட்டாருக்கு மாறிய காலத்தில், அந்த மாறுதலால் பெரும் சங்கடத்துக்கு உள்ளானவர் மாப்பிள்ளையும் அல்லர், சம்பந்திகளும் அல்லர், காரோட்டியே ஆவார் என்பதை நான் பத்து வயதில் பிரத்தியட்சமாகக் கண்டேன். சாரட்டுக் குதிரை நின்ற இடத்தில் இளைப்பாறும். பிடரியைச் சிலிர்த்துக்கொண்டு ஈ ஓட்டும். மோட்டாருக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

1961-ஆம் வருஷத்து வைகாசியில், கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமத்தில், என் அத்தை மகளுக்கு நடந்த கல்யாணம் அது. தஞ்சாவூரிலிருந்து வாடகைக்கு வந்திருந்த கார் யுத்தத்துக்கு முந்திய அமெரிக்கத் தயாரிப்பு. ஆறு சிலிண்டர், படகு போன்ற நீளம், இரு பக்கமும் மிதிபலகை. ஊரிலுள்ள வாண்டுகள் அனைவரும் அதில் தொற்றிக்கொண்டிருக்க, எனக்குக் காரோட்டியின் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. ஊர்வலம் என்பது நாதஸ்வரக்காரரின் கால்களைப் பொறுத்தது; அன்று வந்திருந்த வித்வானோ தேரடி மூலையில் நின்று தோடியை எடுத்தார். எடுத்தால் நாலு பிடியில் விட்டுவிடுகிற ராகமா அது? கால் மணி நேரம் கழிந்தது. முதலில் காய்ந்த ரப்பரும் துருவும் கலந்த ஒரு வாடை எழுந்தது. பிறகு பானட்டின் ஓரத்தில் புஸ்ஸென்ற சத்தம். அதன் பிறகு, முகப்பில் கட்டியிருந்த ரோஜா மாலையின் பின்னாலிருந்து வெண்மையான ஆவி மேகம்போல எழும்பிற்று. மாப்பிள்ளையின் பாட்டி அதைச் சாம்பிராணிப் புகை என்றே எண்ணிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். காரோட்டி யந்திரத்தை நிறுத்திவிட்டு, கோணிச்சாக்கை நனைத்து ரேடியேட்டர் மூடியின்மேல் போட்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு மெல்லத் திருகினார். மீதி இரண்டு வீதிகளையும் மாப்பிள்ளை எங்கள் ஊர் ஆட்கள் ஆறு பேர் தள்ளிய காரில்தான் சுற்றிவந்தார். தோடி மட்டும் தடைபடவில்லை.

என் தகப்பனார் கோபமாகக் கேட்டதற்கு அந்தக் காரோட்டி சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "சாமி, சத்தியமாச் சொல்றேன், தஞ்சாவூர்லேருந்து இருபத்தஞ்சு மைலு நிக்காம வந்தேன், முள்ளு அசையலே. ஓடினா ஒண்ணுமில்லீங்க, நின்னாத்தான் கொதிக்குது."

ஓடினால் ஒன்றுமில்லை, நின்றால் கொதிக்கிறது என்ற இந்த முறையீடு மோட்டாரின் வயதுக்குச் சமமான வயதுடையது. ஒரு விசித்திரம் என்னவென்றால், யந்திரம் பிறந்தபோது அது நிற்கவே பிறந்தது. 1876-இல் ஜெர்மனி தேசத்து நிக்கோலஸ் ஓட்டோ நான்கு வீச்சு யந்திரத்தைச் செய்து முடித்தபோது, அது ஆலைகளின் தளத்தில் ஆணியடித்து நிறுத்துவதற்கான சாதனமாகத்தான் இருந்தது. எரிபொருள் எரிவதால் பிறக்கும் உஷ்ணத்தில் சிறு பகுதியே வேலையாக மாறும்; பழைய பெட்ரோல் யந்திரங்களில் ஏறக்குறையக் கால் பங்கு என்று சொல்லலாம். மிச்சமெல்லாம் புகைக்குழாய் வழியாகவும் சிலிண்டர் சுவர்களின் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். வெளியேறாவிட்டால் எண்ணெய் தன் வழவழப்பை இழக்கும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஒரே இடத்தில் நிற்கும் யந்திரத்துக்கு இது ஒரு பிரச்னையே அன்று. பக்கத்தில் ஒரு பெரிய தொட்டியைக் கட்டித் தண்ணீர் நிரப்பிவிட்டால் தீர்ந்தது. நம் பக்கத்து வயற்காடுகளில் கிணற்றுத் தண்ணீரை இறைத்த ஆயில் எஞ்சின்கள் தாம் இறைக்கும் நீரிலேயே ஒரு மெல்லிய குழாய் வழியாகத் தம் பங்கை எடுத்துத் தம் உடம்பைக் குளிர்வித்துக்கொண்டதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் சௌகரியம் விளங்கும். கிணற்றில் நீர் உள்ளவரை அந்த யந்திரத்துக்கு ஜுரம் வர நியாயமில்லை.

யந்திரத்தைச் சக்கரங்களின்மேல் ஏற்றியபோதுதான் தொல்லை ஆரம்பித்தது. தொட்டியைக் கூடவே இழுத்துக்கொண்டு போக முடியாது. கார்ல் பென்ஸ் 1886-இல் உரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில், சிலிண்டரைச் சுற்றியிருந்த நீர் கொதித்து ஆவியாகிப் போவதே குளிர்விக்கும் முறையாக இருந்தது. ஆவியாகப் போனதை வழியில் நிரப்பிக்கொள்ள வேண்டும். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா, இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அந்த வண்டியை ஓட்டிச் சென்ற பிரசித்தமான பிரயாணத்தைப்பற்றிச் சொல்லுகிறவர்கள், அவர் வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கியதையும், அடைபட்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்ததையும் விஸ்தாரமாகச் சொல்லுவார்கள். ஆனால் அன்று முழுவதும் அவரை அதிகம் கவலைப்படுத்தியிருக்க வேண்டியது தண்ணீர்தான் என்பது என் அபிப்பிராயம். எரிபொருளை ஓரிடத்தில் வாங்கினால் போதும். தண்ணீரை ஊருக்கு ஊர் தேட வேண்டும். மோட்டார் யுகத்தின் முதல் நெடும்பிரயாணமே ஒரு பெண்மணி தண்ணீர் தேடிப்போன கதைதான். நம் ஊர்ப் பெண்மணிகளுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இராது.

அந்த நீரை வீணாக்காமல், ஆற வைத்துத் திரும்பத் திரும்ப உபயோகிக்கும் உபாயத்தைப் பூர்த்தி செய்தவர் வில்ஹெல்ம் மேபாக். 1900-ஆம் வருஷத்தின் இறுதியில், எமில் யெல்லினெக் என்ற வியாபாரியின் வற்புறுத்தலால் உருவாகி, அவருடைய பெண் மெர்ஸிடிஸின் பெயரைத் தாங்கி வெளிவந்த 35 குதிரைச்சக்தி வண்டியில், தேன்கூடு போன்ற ஒரு ரேடியேட்டரை அவர் பொருத்தினார். ஆறு மில்லிமீட்டர் சதுரமுள்ள 8,070 சிறு குழல்களை அடுக்கிப் பற்றவைத்த அந்தக் கூட்டில், குழல்களின் உள்ளே காற்று நுழைந்து செல்ல, வெளியிலுள்ள இடுக்குகளில் நீர் இறங்கிற்று. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது தேன்கூடு அன்று, அதன் பின்னால் அவர் வைத்த சிறிய விசிறி. வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்று தானே குழல்களுக்குள் புகும். மெதுவாகப் போகும்போது யார் வீசுவது என்ற கேள்வி அவருக்கு அன்றே தோன்றியிருக்கிறது. பந்தயத்தில் பறப்பதற்கென்று செய்த வண்டியில், நிற்கும் தருணத்தையும் எண்ணிப் பார்த்த அந்த மனிதருக்கு நம் ஜானவாசக் காரோட்டிகள் கடமைப்பட்டவர்கள்.

ஹென்றி போர்டு இவ்வளவு தூரம் யோசிக்கவில்லை; அல்லது யோசித்து, வேண்டாமென்று தள்ளினார். 1908-இல் வெளிவந்த அவருடைய டி மாடல் காரின் முதல் 2,500 வண்டிகளுக்குப் பிறகு நீர் பம்பையே எடுத்துவிட்டார். சூடான நீர் தானே மேலே ஏறும், ஆறிய நீர் தானே கீழே இறங்கும். வெந்நீர் அண்டாவில் நாம் தினமும் பார்க்கிற இயற்கை தர்மம் அது. அதை நம்பிக் கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் ஓடின. பம்பு இல்லை, ஆகையால் பம்பு கெடுவதும் இல்லை. ஆனால் நீர்மட்டம் மேற்குழாயின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் சுழற்சி அறுந்துபோகும். அதன் பிறகு ரேடியேட்டரில் எவ்வளவு நீர் இருந்தும் பயனில்லை. அந்த வண்டியில் இன்னொரு சூட்சுமம், பற்றவைக்கும் பொறியை முன்னே பின்னே தள்ளும் கைப்பிடி காரோட்டியின் இடக்கைப் பக்கத்திலேயே இருந்தது. கைராட்டினம் போட்டு யந்திரத்தைக் கிளப்பும்போது பொறியைத் தாமதமாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ராட்டினம் திருப்பி அடித்து மணிக்கட்டை முறித்துவிடும். கிளம்பியதும் முன்னே தள்ள வேண்டும். தள்ள மறந்தவருடைய வண்டியில், தாமதமாக எரிந்த தீ வேலையாக மாறாமல் சிலிண்டர் சுவரையும் புகைவாயையும் காய்ச்சிற்று. பொறி பிந்தினால் யந்திரம் சூடேறும் என்ற சாஸ்திரத்தை உலகத்துக் காரோட்டிகள் இப்படித்தான் கற்றார்கள். பிற்காலத்தில் அந்த வேலையை டிஸ்ட்ரிபியூட்டர் தானே செய்யத் தொடங்கிய பின்னரும், நிற்கும்போது சூடேறும் பழைய வண்டியைப் பார்த்தவுடன் நல்ல மெக்கானிக் 'டைமிங் பார்த்தியா?' என்று கேட்பது அந்தப் பூர்வஜன்ம வாசனைதான்.

சூடு ஏறிவிட்டது என்பதைக் காரோட்டி எப்படி அறிவது? கொதித்த பிறகு எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்பே தெரிய வேண்டுமென்று, ரேடியேட்டர் மூடியின்மேலேயே நிற்கும் ஒரு வெப்பமானியை அமெரிக்காவில் பாய்ஸ் என்பவர் 1912-இல் உரிமை பெற்று விற்றார். மோட்டோமீட்டர் என்று பெயர். தன் ஆசனத்திலிருந்தே பானட்டின் நுனியிலுள்ள கண்ணாடிக்குள் சிவப்புத் திரவம் ஏறுவதைக் காரோட்டி பார்க்கலாம். நீர் முழுதும் வற்றிப்போனால் மட்டும் அது உள்ளதை உள்ளபடி சொல்லுமென்று நம்புவதற்கில்லை. முப்பதுகளுக்குள் அந்தக் கருவி காரின் உள்ளே முள்ளாகப் புகுந்துவிட்டது. மூடியும் மாறிற்று. இரண்டாம் உலக யுத்தத்தை ஒட்டிய ஆண்டுகளில் பரவிய அழுத்த மூடி, ஆவியை வெளியே விடாமல் அடக்கிவைத்து நீரின் கொதிநிலையையே உயர்த்திற்று. சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம் கூடினால் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி உயரும். கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுவதை அநுபவித்த மலைப்பாதைக் காரோட்டிகளுக்கு இந்த மூடி எவ்வளவு பெரிய உபகாரம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் வளையம் நைந்துபோன மூடியைப் போட்டுக்கொண்டு, புதிது வாங்கச் சில ரூபாய்க்குக் கணக்குப் பார்த்து, யந்திரத்தின் தலையையே வெடிக்க விட்டவர்கள் அநேகர்.

இனி விசிறியின் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வழக்கு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. பழைய வண்டிகளில் விசிறியும் நீர் பம்பும் ஒரே தண்டில் இருக்கும். யந்திரத்தின் முன்முனையிலிருந்து ஒரு பெல்ட் அவற்றைச் சுழற்றும். சாலையில் நிமிஷத்துக்கு 2,600 சுற்றுச் சுழன்ற யந்திரம், நின்ற நிலையில் 650 சுற்றுக்கு இறங்கினால், விசிறி இழுக்கும் காற்றும் பம்பு தள்ளும் நீரும் சுமார் கால் பங்காகிவிடும். எதிர்க்காற்றோ சுத்தமாக இல்லை. அப்படியானால் பெரிய விசிறியாக வைத்துவிடுவதுதானே என்று கேட்கத் தோன்றும். விசிறியின் வேகம் இரட்டித்தால் அதைச் சுழற்ற வேண்டிய சக்தி எட்டு மடங்காகும். நிற்கும் வண்டிக்குப் போதுமான விசிறி, ஓடும் வண்டியில் பெட்ரோலைத் தின்றுகொண்டு ஓலமிடும். ஆகையால் வண்டி செய்கிறவர்கள் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள்: நிற்கும்போது உற்பத்தியாகும் உஷ்ணமும் குறைவுதான், அந்தக் குறைந்த உஷ்ணத்துக்கு மட்டும் போதுமான விசிறி. நல்ல நிலையிலுள்ள வண்டி நின்றாலும் கொதிக்கக் கூடாது. கொதிக்கிறதென்றால், அந்தச் சமரசத்தில் ஏதோ ஓரிடத்தில் தையல் விட்டிருக்கிறது என்று அர்த்தம். ஓடும்போது எதிர்க்காற்று அந்தக் குறையை மூடி மறைக்கிறது. நின்றவுடன் குட்டு வெளிப்படுகிறது.

நம் ஜானவாசத்தின் ராஜவம்சப் பதிப்பு ஒன்று சீமையிலும் உண்டு. ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி 1950-க்கும் 1956-க்கும் இடையில், அரச குடும்பத்தாருக்கும் தேசத் தலைவர்களுக்கும் என்று பதினெட்டே பதினெட்டு பேன்டம் நாலாம் மாடல் கார்களைச் செய்தது. வரிசையாக எட்டுச் சிலிண்டர்களுள்ள அதன் யந்திரத்தின் சிறப்பாகச் சொல்லப்படுவது, ஊர்வலங்களில் நடைவேகத்திலேயே நெடுந்தூரம் செல்லக்கூடியது என்பதுதான். மன்னர்களின் பவனிக்கு அப்படித் தனி யந்திரம் வாய்த்தது. மாப்பிள்ளைகளின் பவனிக்கு வாடகைக்கார்.

நம் நாட்டில் ஐம்பதுகளின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம்வரை உத்தரபாராவில் உற்பத்தியான அம்பாசிடர், இந்தப் பழைய சம்பிரதாயத்தின் நேர் வாரிசு. அதன் 1489 சி.சி. யந்திரத்தின் முன்னால் ஒரே பெல்ட். அந்த ஒரு பெல்ட்டே விசிறியையும் பம்பையும் டைனமோவையும் சுழற்றிற்று. பெல்ட் தளர்ந்தால் மூன்றும் ஒருங்கே சோர்வடையும். ஆகவே கட்டைவிரலால் பெல்ட்டை அமுக்கிப் பார்ப்பதே நம் காரோட்டிகளின் காலை நேரத்து அநுஷ்டானங்களில் ஒன்றாயிற்று. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பதினான்கு கொண்டைஊசி வளைவுகளிலும், வால்பாறைக்கு நாற்பது வளைவுகளிலும், கொல்லிமலைக்கு எழுபது வளைவுகளிலும் கீழ்க்கியரில் முனகிக்கொண்டு ஏறிய பஸ்ஸும் லாரியும், ஓடுகின்றன என்று பெயரே தவிர, எதிர்க்காற்று விஷயத்தில் நின்ற வண்டிகளுக்குச் சமானமே. பின்காற்று அடித்தால் அதற்கும் மோசம். பர்லியாறில் பஸ் நின்றவுடன் பிரயாணிகள் டீக்கடைக்கும் பழக்கடைக்கும் ஓட, கிளீனர் பையன் மட்டும் தகர டின்னை எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு ஓடுவான். கொதிக்கும் யந்திரத்தில் சட்டென்று பச்சைத் தண்ணீரை ஊற்றாதே, இரும்பு விரிசல் விடும், ஆறும்வரை பொறு, இல்லாவிட்டால் யந்திரம் ஓடும்போது சிறுகச் சிறுக ஊற்று என்ற பாடத்தைப் பாடசாலைக்குப் போகாத அந்தப் பையன்கள் மனப்பாடமாக அறிந்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்துக் கைவைத்தியங்கள் எல்லாவற்றையும் நான் ஆதரிக்கவில்லை. ரேடியேட்டரில் சிறு ஒழுக்கு ஏற்பட்டால் ஒரு கை மஞ்சள்பொடியைப் போட்டு ஓட்டுவார்கள். பொடி ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும், ஊர் போய்ச் சேரலாம், அது வாஸ்தவம். ஆனால் அதே பொடி நல்ல குழல்களிலும் தங்கும் என்பதை மறுநாள் ஒருவரும் நினைப்பதில்லை. உவர்நிலத்துக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவதும் அப்படியே. வெந்நீர்த் தவலையின் அடியில் படிகிற சுண்ணாம்புப் பாறை யந்திரத்தின் உள்ளறைகளிலும் படிந்து, உஷ்ணத்தை நீரிடம் சேரவிடாமல் தடுக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதோ ஒரு தேசிய வழக்கமாகவே ஆகிவிட்டது. யந்திரம் தக்க சூட்டை அடையும்வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து நிறுத்தும் அந்தச் சிறு கதவை, 'நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?' என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டார்கள். கதவு திறக்காமல் சிக்கிக்கொண்டால் சூடேறும் என்பது மெய். அப்போது வண்டி ஓடினாலும் சூடேறும், நின்றாலும் சூடேறும். நின்றால் மட்டும் வரும் நோய்க்குத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது, கண்வலிக்குக் காதில் மருந்து விடுவதைப் போன்றது.

நகரங்கள் நெருக்கமானபோது, ஜானவாசத்தில் மட்டும் வந்த ஜுரம் தினசரி ஜுரமாயிற்று. ரயில்வே கேட்டிலும் சிக்னலிலும் யந்திரத்தை நிறுத்திவிட்டு, பச்சை விழுந்ததும் கிளப்பும் வித்தையை டாக்ஸிக்காரர்கள் பழகினார்கள். மவுண்ட் ரோடில் ஜெமினிக்கு எதிரே 1973-இல் மேம்பாலம் எழுந்ததைப் போக்குவரத்துச் சரித்திரமாக எல்லாரும் எழுதுவார்கள். ரேடியேட்டர்களின் சரித்திரத்திலும் அதற்கு ஓர் இடம் உண்டு. பிறகு பழைய கார்களிலும் ஏசி பொருத்தும் நாகரிகம் வந்தது. ஏசியின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று, தன் உஷ்ணத்தையும் சேர்த்து அதன் முகத்தில் ஊதியது. வெளியில் அதிகாரிக்காகக் காத்து நிற்கும் கார், உள்ளே குளிர்ந்தும் முன்னே கொதித்தும், இரண்டு ருதுக்களை ஒருங்கே அநுபவித்தது. அதற்குப் பரிகாரமாக முன்பக்கத்தில் எக்ஸ்ட்ரா ஃபேன் என்று ஒரு மின்விசிறியைப் பூட்டினார்கள். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-இல் மின்விசிறியே மூலவிசிறியாக அமைந்தது. யந்திரத்தின் வேகத்துக்கும் விசிறியின் வேகத்துக்கும் இருந்த பந்தம் அங்கே அறுந்தது. சூடு ஏறினால் சுழலும், இறங்கினால் ஓயும். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் அது சுழன்றுகொண்டிருப்பதைக் கண்டு, பேய் பிடித்ததோ என்று பயந்தவர்களை நான் அறிவேன்.

விசிறி மாறியபோது பட்டறையும் மாறிற்று. பித்தளைத் தொட்டியைத் தீயில் காட்டிக் கழற்றி, குழல் குழலாகக் கம்பி விட்டு அடைப்பு நீக்கி, நவச்சாரமும் ஈயமும் வைத்துத் திரும்பப் பற்றவைத்து, காற்றடித்து நீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்த்த ரேடியேட்டர் கடைக்காரரின் பக்கத்தில் நின்றால், வீட்டு வாசலில் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவன் கிளப்பும் அதே நெடி வரும். அலுமினியக் குழல்களும் பிளாஸ்டிக் தொட்டியுமாக வந்த பின்பு பற்றவைப்பதற்கு என்ன இருக்கிறது? கழற்று, புதிது மாட்டு. சென்னையில் புதுப்பேட்டைப் பக்கம் போனால் பழைய பித்தளை ரேடியேட்டர்கள் எடைக்கு நிறுக்கப்படுவதைப் பார்க்கலாம்.

வைத்திய சாஸ்திரத்தில் நோயின் மூலத்தை ஆராய்வதற்கு நிதானம் என்று பெயர். மாதவர் இயற்றிய மாதவ நிதானம் என்ற வடமொழி நூல் அந்தத் துறைக்குப் பிரமாணம். தமிழ்ப் பேச்சில் அதே சொல்லுக்கு அவசரப்படாமை என்ற பொருள் எப்படி வந்ததோ, வந்தது மிகப் பொருத்தம் என்பதை, மேலே சொன்ன ஜானவாசத்துக்கு இரண்டு நாள் கழித்து, என் மாமாவோடு அந்தக் காரிலேயே கும்பகோணத்திலுள்ள ஒரு பட்டறைக்குப் போனபோது கண்டேன். பெண்ணைப் புக்ககத்தில் கொண்டுவிட அதே கார்தான் ஏற்பாடாகியிருந்தது; ஆகையால் மாமாவுக்கு அவசரம். ரேடியேட்டரில்தான் கோளாறு, வேறு மாற்றிவிட வேண்டும் என்று அவர் தீர்மானமாகச் சொன்னார். தகரக் கொட்டகையின் கீழ் நின்ற மேஸ்திரிக்கு அறுபது வயது இருக்கும். அவர் காரைப் பார்க்கவில்லை, காரோட்டியைப் பார்த்தார்.

"கடைசியா இதுலே என்ன வேலை பார்த்தீங்க தம்பி?"

"ரேடியேட்டர் கழுவி மூணு மாசம் ஆச்சு மேஸ்திரி. போன மாசம் வாட்டர் பம்பு ஒழுகுச்சு, புதுசு போட்டோம். அப்புறந்தான் இந்த வம்பு."

மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல், மூடியைத் திறந்து நீர் விளிம்புவரை இருப்பதைப் பார்த்தார். யந்திரத்தைக் கிளப்பச் சொல்லி, மூடாமலேயே சற்று நேரம் அதற்குள் உற்று நோக்கினார். குமிழி வருகிறதா என்று பார்த்தார் என்பதும், வந்தால் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்பதும், தீப்பட்ட காற்று நீருக்குள் புகுகிறது என்று அதற்கு அர்த்தம் என்பதும் பின்னால் எனக்குத் தெரிந்தவை. மூடியைப் போட்டுவிட்டு ஒரு பீடி பிடித்து முடித்தார். முள் ஏறத் தொடங்கியதும் மேல் ஹோஸ் பைப்பை ஒரு கணம் தொட்டார்; கீழ் ஹோஸையும் தொட்டார்; இரண்டு கையையும் உதறிக்கொண்டார். "ரெண்டும் ஒரே சூடு," என்றார். ரேடியேட்டர் அடைத்திருந்தால் கீழ்க்குழாய் இவ்வளவு சுடாது. நீர் ஒழுங்காகத்தான் சுற்றிவருகிறது, ஆனால் ஆறாமல் திரும்பி வருகிறது. மாமாவின் தீர்மானம் அந்த மூன்று வார்த்தைகளில் அடிபட்டுப் போயிற்று.

பிறகு அவர் செய்ததுதான் என்னை ஆச்சரியத்தில் ஆழ்த்திற்று. பெஞ்சின்மேல் கிடந்த அன்றைய தினசரியிலிருந்து ஒரு தாளைப் பிரித்து, காரின் முகப்புக்குள் கைவிட்டு, ரேடியேட்டரின்மேல் விரித்து வைத்து, கையை எடுத்தார். ஒரு க்ஷணம் தயங்கிய தாள், வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. யந்திரத்தை நிறுத்தச் சொல்லி, டார்ச்சு அடித்து விசிறியின் இறக்கைகளைப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார். பம்பை மாற்றியவர் விசிறியை முன்பின்னாகத் திருப்பி மாட்டிவிட்டிருந்தார். இறக்கையின் குழிவு எஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும்; அது ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்படின்னா காத்து முன்பக்கமா அடிக்குமா?" என்று கேட்டார் மாமா, தோல்வியை ஒப்புக்கொள்ளாத குரலில்.

"இல்லீங்க. திருப்பிப் போட்டாலும் காத்து அதே பக்கந்தான் போகும், அதான் யாருக்கும் தெரியலே. கரண்டியைக் கவுத்துப் பிடிச்சுக் குழம்பு மொண்டா எவ்வளவு வரும்? அவ்வளவுதான் காத்து. ஓட்டத்துலே எதிர்க்காத்து இருக்கு, தாங்கிச்சு. தெருமுனையிலே நிறுத்தினா பாவம் என்ன பண்ணும்?"

நான்கு போல்டுகளைக் கழற்றி, விசிறியைத் திருப்பி, திரும்ப முடுக்கி, பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கி அரை அங்குலம் தாழ்கிறதா என்று பார்த்து, கைகளைத் துடைத்துக்கொள்ள அவருக்கு அரை மணிக்குமேல் ஆகவில்லை. கிளம்பிவிடலாம் என்று மாமா எழுந்தார். மேஸ்திரி உட்காரச் சொன்னார். நின்றால் வந்த நோயை நிறுத்தி வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். யந்திரம் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. கீழே கிடந்த அதே தாளைத் தட்டி, முகப்புக்குள் வைத்தார். சப்பென்று அது ரேடியேட்டரோடு ஒட்டிக்கொண்டது. அதை எடுக்காமலேயே, சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முழங்கால்களில் கையை ஊன்றிக் குனிந்து, ஒட்டியிருந்த தாளில் அணைகளின் நீர்மட்டம் போட்டிருக்கும் மூலையை வாசிக்கத் தொடங்கினார்.

"மேட்டூர்லே ஏறிக்கிட்டிருக்கு," என்றார், யாரையும் பார்க்காமல். காரோட்டி உள்ளே எட்டி முள்ளைப் பார்த்துவிட்டு, ஏறவில்லை என்பதற்கு அடையாளமாகத் தலையை அசைத்தார்.